தலையங்கம் எழுதிய மூன்று வரி

'தலையங்கம்' என்பது எங்கள் கடை அண்ணனுக்கு அவருடைய மச்சான் வைத்த பெயர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து செல்போன் கோபுரம், பள்ளிக்கூடப் பாடத்திட்டம், மேயர் தேர்தல் என்று மூன்று விஷயங்களுக்கும் மூச்சுவிடாமல் தீர்ப்புச் சொல்லி முடித்தவரைப் பார்த்து, "தலையங்கம் முடிஞ்சுதா மச்சான்? இனி நாங்க சாப்பிடலாமா?" என்று மச்சான் கேட்டாராம். அவருக்குக் கோபம் வரவில்லை. மறுநாள் கடைக்கு வந்து எங்களிடம் அவரே சொல்லிச் சிரித்தார். அன்றிலிருந்து முகத்துக்கு நேரே 'அண்ணே', முதுகுக்குப் பின்னால் 'தலையங்கம்'.

எங்களுடையது மூக்குக்கண்ணாடிக் கடை. முன்னறையில் நான் கண் பரிசோதனை செய்வேன். ஒரு பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவருடைய வேலையறை. நான் எழுதிக் கொடுக்கும் அளவுப்படி வரும் லென்ஸை ஃபிரேமின் வடிவத்துக்குத் தேய்த்துப் பொருத்துவது அவர் வேலை. தண்ணீர் பீச்சிக்கொண்டே சுழலும் கல், சின்னச் சின்னத் திருகாணிகள் கிடக்கும் ஒரு சோப்பு டப்பா, பிளாஸ்டிக் கம்பியை இளக்கி வளைக்க ஒரு சூடேற்றி. இவற்றுக்கு நடுவே ஒரு கால் சற்றுக் குட்டையான அந்த மனிதர், உயரமான முக்காலியில் உட்கார்ந்து பேசிக்கொண்டே வேலை செய்வார். பதினேழு வருடம் அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டேதான் நான் மற்றவர்களுக்கு எழுத்துப் பலகையைக் காட்டினேன்.

எதைப் பற்றியும் அவரிடம் ஒரு கருத்து தயாராக இருக்கும். "ஜெயிக்கிறவரைக்கும் நம்ம தெருவுக்கு அவங்களுக்கு வழி தெரியும். ஜெயிச்சப்புறம் தெருவுல இருக்கிற பள்ளம்கூடத் தெரியாது" என்பார். "பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவனுக்கே மெசேஜ் அனுப்புறாங்கம்மா, வாய் எதுக்கு இருக்கு, கொட்டாவி விடவா?" என்பார். ஆன்லைனில் கண்ணாடி வாங்குகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகவே ஆகாது. "கண்ணாடியைப் போன்ல வாங்குறவன் நாளைக்குப் பல்லையும் போன்லயே பிடுங்கிக்குவான்." வாடிக்கையாளர்கள் சிரிப்பார்கள். கண்ணாடி தயாராகக் கால் மணி நேரம் ஆகும் என்றால் யாரும் முகம் சுளித்ததில்லை. அதற்குக் காரணம் அவர் வாய்தான்.

செவிலியராக வெளியூரில் இருக்கும் மகள் ஒரு முறை வந்தபோது அவருக்கு ஒரு நல்ல போன் வாங்கிக் கொடுத்தாள். எங்கள் ஊர்ச் செய்திகளுக்கென்று யாரோ நடத்தும் ஒரு பக்கத்தில் அவரைச் சேர்த்தும் விட்டாள். கடையில் கண்ணாடி அலமாரிக்கு முன்னால் நிற்கவைத்து ஒரு படம் எடுத்து, அதையே அவர் பெயருக்குப் பக்கத்தில் போட்டாள். "வீட்ல அம்மா காதைத் தின்னாம இங்க எழுதுங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவர் எழுதத் தொடங்கினார். எழுத்து அவருக்கு நன்றாக வந்தது என்பதுதான் விஷயம். வாயால் சொல்லும்போது கொஞ்சம் நீளும். விரலால் எழுதும்போது வெட்டிச் சுருக்கி, இரண்டு மூன்று வரியில் நறுக்கென்று முடித்துவிடுவார். குப்பை வண்டி வராததைப் பற்றி எழுதினார், நூறு பேர் ஆமோதித்தார்கள். பூங்காவின் உடைந்த ஊஞ்சலைப் பற்றி எழுதினார், ஒரு வாரத்தில் ஊஞ்சலைச் சரிசெய்தார்கள். "பார்த்தியாம்மா, பேசினா நடக்குது" என்று என்னிடம் வந்து போனைக் காட்டினார். அன்று அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஐம்பத்தாறு வயது வரை அவர் சொன்னதை மச்சானும் நானும் சிரித்துக்கொண்டே கேட்டிருந்தோமே தவிர, யாரும் அதன்படி ஒரு திருகாணியைக்கூடத் திருப்பியதில்லை.

அவர் பெருமைப்பட்ட விஷயங்களில் பெரியது பஸ் ஆப். பஸ் எப்போது வரும் என்று தெரியாமல் கால் வலிக்க நிற்க வேண்டியிருக்கிறது, எந்த நிறுத்தத்தில் வண்டி இருக்கிறது என்று போனிலேயே காட்டினால் என்ன என்று தொடர்ந்து ஏழெட்டு முறை எழுதினார். அவர் மட்டும் எழுதவில்லை, பலரும் கேட்டார்கள். கடைசியில் பஸ் நிர்வாகம் அப்படி ஒரு ஆப்பைக் கொண்டுவந்தது. அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார் மனிதர். கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அதை இறக்கிக் கொடுத்தார்.

அவர் தினமும் வருவது பதினான்காம் எண் பஸ்ஸில். அதன் டிரைவர் எங்கள் கடைக்கும் வாடிக்கையாளர். அதிகம் பேசாத மனிதர். இவர் காலை இழுத்துக்கொண்டு முனையில் திரும்புவது பக்கக் கண்ணாடியில் தெரிந்தால் கதவை மூடாமல் அரை நிமிடம் நிறுத்திவைப்பார். "மெதுவா ஏறுங்க சார்" என்பதோடு சரி. தூரப் பார்வைக்கும் கிட்டப் பார்வைக்கும் சேர்த்து அவருக்கு நான்தான் அளவு எழுதினேன், அண்ணன்தான் பொருத்திக் கொடுத்தார். ஒரு வருடம் கழித்து, பழுப்பு நிற ஃபிரேமில் இடது காதில் மாட்டும் கம்பி உடைந்துபோய் வந்தது. அதே நிறத்தில் கம்பி கிடைக்கவில்லை. கறுப்புத்தான் இருக்கிறது என்று அண்ணன் தயங்கியபோது டிரைவர் சிரித்தார். "போடுங்க சார். என் முகத்தை யார் பார்க்கப் போறாங்க? எல்லாரும் பஸ் நம்பரைத்தானே பார்க்கிறாங்க."

அந்த வீடியோ ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் வந்தது. நாங்கள் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். மொத்தம் ஒன்பது நொடி. பஸ்ஸுக்குள்ளிருந்து யாரோ பயணி எடுத்தது. டிரைவரின் தோளும் பாதிக் காதும் கன்னத்தின் ஓரமும் தெரிகின்றன. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் போனை அவர் குனிந்து பார்க்கிறார், விரலால் தொடுகிறார். ஜன்னலில் மரம் மெல்ல நகர்கிறது. கீழே 'இவங்களை நம்பித்தான் ஏறுறோம்' என்று ஒரு வரி.

அண்ணன் ஒரு முறைதான் பார்த்தார். கை துடைத்த துணியை மடியில் போட்டுக்கொண்டு எழுதினார். நான்கு நிமிடம்கூட ஆகியிருக்காது. எழுதிவிட்டு எனக்குப் படித்துக் காட்டினார்.

"கையில் நாற்பது உயிர்.
கண் மட்டும் போனில்.
இவருக்குத் தேவை எச்சரிக்கை அல்ல, நிரந்தர ஓய்வு."

"அண்ணே, பிரமாதம்" என்றேன். என் போனை எடுத்து நானும் ஒரு லைக் போட்டேன். இதை எழுதும்போது அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடலாமா என்று யோசித்தேன். ஆனால் அது நடந்தது.

சாயங்காலத்துக்குள் மூவாயிரம் லைக். மறுநாள் பதினோராயிரம். ஒரு செய்திச் சேனலில் அந்த வீடியோவைக் காட்டி, அவருடைய மூன்று வரிகளையும் பெரிய எழுத்தில் திரையில் ஓடவிட்டார்கள். அண்ணி அதைப் பார்த்துவிட்டு மச்சானுக்குப் போன் போட்டுச் சொன்னார்களாம். முதல் முறையாக மச்சான் கிண்டல் செய்யவில்லை.

அந்த வாரக் கடைசியில் பதினான்காம் எண் பஸ்ஸில் ஆள் மாறியிருந்தார். புது டிரைவர் இளைஞர். முனையில் திரும்பி இவர் கையைத் தூக்குவதற்குள் கதவை மூடிக்கொண்டு போய்விட்டார். இரண்டு நாள் அப்படியே நடந்தது. கடைக்கு வந்து, வயதானவர்களையும் நடக்க முடியாதவர்களையும் மதிக்காத டிரைவர்களைப் பற்றி என்ன எழுதலாம் என்று என்னிடமே இரண்டு வரி சொல்லிப் பார்த்தார். மூன்றாம் நாள் முன்னதாகவே போய் நின்று ஏறியவர், அந்த இளைஞரிடம் கேட்டிருக்கிறார்.

"பழைய டிரைவர் லீவாப்பா?"

"லீவா? உங்களுக்கு விஷயமே தெரியாதா சார்? அந்த வீடியோல இருந்தது அவர்தானே. வண்டியைத் தொடக்கூடாதுன்னு நிறுத்தி வெச்சிருக்காங்க."

அன்று காலை அவர் உள்ளே வந்ததும் எனக்கு வணக்கம் சொல்லவில்லை. முக்காலியில் ஏறி உட்கார்ந்து போனை எடுத்து அந்த வீடியோவை ஓடவிட்டார், நிறுத்தினார், மறுபடி ஓடவிட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டார். நிறுத்திவைத்த படத்தில், டிரைவரின் காதுக்கு மேல் ஒரு கம்பி. கறுப்பு. கண்ணுக்குப் பக்கத்தில் பழுப்பு ஃபிரேமின் ஓரம் ஒரு பொட்டுப்போலத் தெரிந்தது.

"என் கையால போட்டதும்மா" என்றார். "திருகாணி கொஞ்சம் பெரிசு, அதனால தலை வெளியே நீட்டிட்டு இருக்கு பாரு. இது எனக்குத் தெரியலையே."

எனக்கும்தான் தெரியவில்லை. வெளியே யாரோ மணியை அழுத்தினார்கள். போய்ப் பார்க்க வேண்டியிருந்தது.

எழுதியதை அன்றே அழித்தார். ஆனால் அதற்குள் அதைப் படமாக எடுத்து ஆயிரம் பேர் அனுப்பியிருந்தார்கள். மறுவாரம் இரண்டு பேரும் அரை நாள் லீவு போட்டு பஸ் டிப்போவுக்குப் போனோம். அங்கே இருந்த மேலாளர் நல்லவராகத்தான் தெரிந்தார். உட்காரச் சொன்னார். மேசையில் ஒரு கோப்பைத் திறந்து மூன்றாவது பக்கத்தை எங்கள் பக்கம் திருப்பினார். 'பொதுமக்கள் கருத்து' என்ற தலைப்பின் கீழ் அண்ணனின் மூன்று வரிகளும் அச்சாகியிருந்தன. பக்கத்தில் அவருடைய படம், பின்னால் எங்கள் கண்ணாடி அலமாரி.

"அவர் எதுக்கு சார் போனைத் தொட்டார்?" என்று அண்ணன் கேட்டார்.

"அது அவர் போன் இல்ல சார், நாங்க குடுத்தது. பஸ் எங்க வருதுன்னு காட்டுற ஆப் இருக்குல்ல, அதுக்கு. ஒவ்வொரு ஸ்டாப்புலயும் கிளம்பும்போது டிரைவர் ஒரு பட்டனை அழுத்தணும். அப்பத்தான் பயணிகளுக்கு அடுத்த ஸ்டாப் காட்டும்."

அண்ணன் குனிந்து கோப்பில் இருந்த தன் படத்தையே பார்த்தார். நான்தான் கேட்டேன். "அப்ப அவர் செய்தது அவர் வேலைதானே சார்?"

"வண்டி நிக்கும்போது அழுத்தணும்னு விதி. அவர் நகர்த்திக்கிட்டே அழுத்தினார். எல்லா டிரைவரும் அப்படித்தான் அழுத்துறாங்க, நின்னு அழுத்தினா நேரம் பிந்துதுன்னு அதே போன்ல எச்சரிக்கை வரும். எனக்குத் தெரியும். ஆனா காகிதத்துல தப்பு அவர்மேலதான்." மேலாளர் கோப்பை மூடினார். "நீங்க எழுதினதாலதான்னு நான் சொல்லமாட்டேன் சார். ஆனா மேல இருக்கிறவங்க வீடியோவைவிட இதைத்தான் படிச்சாங்க. எச்சரிக்கை குடுத்து விட்டுடலாம்னு நான் எழுதினேன். 'எச்சரிக்கை அல்ல'ன்னு ஊரே சொல்லுதேன்னு கேட்டாங்க."

ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள், கோப்பில் சேர்க்கிறேன் என்றார். நான்கு நிமிடத்தில் மூன்று வரி எழுதியவர் அந்தக் கடிதத்தை நான்கு நாள் எழுதினார். வேலையறையில் கிழித்துப் போட்ட தாள்களை நானே கூட்டி அள்ளினேன். கடைசியில் நேராக, அலங்காரம் எதுவும் இல்லாமல் ஒரு பக்கம் வந்தது. ஆறு வருடம் அந்த டிரைவரின் பஸ்ஸில் பயணம் செய்ததாகவும், ஒரு நாளும் அவர் கவனம் சிதறிப் பார்த்ததில்லை என்றும், விசாரிக்காமல் எழுதியது தன் தவறு என்றும் அதில் இருந்தது. அதே ஊர்ப் பக்கத்திலும் நடந்ததை விளக்கிப் போட்டார். நாற்பத்துமூன்று லைக் வந்தது. 'எவ்வளவு வாங்கினே பெருசு?' என்று ஒருவர் கேட்டிருந்தார். 'அன்னைக்கு ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணு, இதுதான் நாக்கா?' என்று இன்னொருவர். டிப்போவிலிருந்து கடிதத்துக்குப் பதில் வரவில்லை.

டிரைவரின் முகவரி கடையில் இருந்த வாடிக்கையாளர் அட்டையிலேயே இருந்தது. ஒரு விடுமுறை நாள் காலையில், "நீயும் வாம்மா. தனியாப் போனா வாசலோட திரும்பிடுவேன்" என்றார். போனோம். மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது. ஒவ்வொரு திருப்பத்திலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று ஏறினார்.

கதவைத் திறந்தது டிரைவர்தான். ஒரு கணம் பார்த்துவிட்டு, "படி ஏறியா வந்தீங்க? கீழேர்ந்து ஒரு குரல் குடுத்திருந்தா நான் இறங்கி வந்திருப்பேனே சார்" என்றார்.

சின்னக் கூடம். ஜன்னலோரம் துணி தேய்க்கும் மேசை. அவருடைய மனைவி ஒரு பள்ளிக்கூடச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார், இஸ்திரிப் பெட்டியை வைக்கவில்லை. அண்ணன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"அதை எழுதினது நான்தான்" என்றார்.

"தெரியும் சார். உங்க படம் போட்டிருந்துச்சே."

"எப்பத் தெரியும்?"

"முதல் நாளே. என் பொண்ணுதான் காட்டினா. அவ கிளாஸ்ல எல்லாருக்கும் வந்திருந்துச்சு." டிரைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மத்தவங்க எழுதினதெல்லாம் எனக்குப் பெரிசாத் தெரியலை சார். அவங்க என்னைப் பார்த்ததே இல்ல. நீங்க தினமும் எனக்குப் பின்னால உட்கார்ந்து வர்றவரு. ஒரு நாளாவது நான் என் சொந்த போனை வெச்சுக்கிட்டு வண்டி ஓட்டினேனா?"

"இல்ல."

"அதை ஒரு வரி எழுதியிருக்கலாமேன்னு தோணுச்சு. அவ்வளவுதான்."

"அது நீங்கன்னு எனக்குத் தெரியாமப் போச்சுப்பா. தெரிஞ்சிருந்தா சத்தியமா எழுதியிருக்கமாட்டேன்."

அப்போதுதான் டிரைவரின் மனைவி பேசினார். குரலை உயர்த்தவில்லை.

"அது இவரா இல்லாம வேற யாராவதா இருந்திருந்தா, அந்த வீட்டுப் படியை ஏறியிருப்பீங்களா?"

அண்ணன் பதில் இல்லாமல் உட்கார்ந்திருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். அந்த அம்மா பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை. சட்டையைத் திருப்பிப் போட்டு அடுத்த கையைத் தேய்க்க ஆரம்பித்தார். டிரைவர் எழுந்து எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். திரும்பும்போது ஒவ்வொரு படியாக அண்ணனின் முழங்கையைப் பிடித்துக் கீழே வரைக்கும் இறக்கிவிட்டார். அண்ணன் இரண்டு முறை "மன்னிச்சுடுப்பா" என்றார். "பார்த்துப் போங்க சார்" என்று மட்டும் டிரைவர் சொன்னார்.

விசாரணை ஏழு மாதம் இழுத்தது. முடிவில் வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் ஸ்டியரிங்கைத் தொடவும் விடவில்லை. டிப்போவில் பஸ் கழுவும் பகுதியில் போட்டார்கள். கொஞ்ச நாள் பார்த்துவிட்டு அவரே எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். வேறு ஊரில் ஏதோ ஒரு கம்பெனியில் சரக்கு வேன் ஓட்டப் போனார், குடும்பமும் கூடவே போய்விட்டது என்று அந்த இளம் டிரைவர் சொன்னார். அவர்கள் போன பிறகு ஒரு நாள் ஆப்பை மாற்றினார்கள். இப்போது பட்டன் கிடையாது, வண்டி நகர்ந்தால் தானாகவே காட்டுகிறது. அண்ணனின் கடிதத்தால் நடந்ததா என்று மேலாளரிடம் போன் செய்து கேட்டேன். "இல்லம்மா, அது வேற யாரோ செலவு குறைக்கச் சொன்ன யோசனை" என்றார். இதை நான் அண்ணனிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாமோ என்று இன்றும் தோன்றும்.

அவர் பேசுவதை நிறுத்திவிட்டார் என்று சொன்னால் பொய்யாகும். 'காப்பி ஆறுது', 'லென்ஸ் நாளைக்கு வரும்' எல்லாம் பேசினார். கருத்துதான் நின்றுபோனது. தேர்தல் வந்தது. வாடிக்கையாளர்கள் பழைய ஞாபகத்தில் தடுப்புக்கு மேல் எட்டிப்பார்த்து, "என்னண்ணே, இந்தத் தடவை யாரு?" என்று கேட்பார்கள். "தெரியலைங்க" என்பார். கண்ணாடி தயாராகக் கால் மணி நேரம் என்றால் இப்போது எல்லாரும் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். மச்சான் ஒரு நாள் கடைக்கே வந்துவிட்டார். என்னைத் தனியே கூப்பிட்டு, "தங்கச்சி, வீட்ல சாப்பாட்டு மேசைல ஸ்பூன் சத்தம் மட்டும்தான் கேக்குது. நான் வேணும்னே தப்புத் தப்பாப் பேசிப் பார்த்தேன், ஒரு தடவைகூட மறுத்துப் பேசலை. நான் வெச்ச பேரு அவரை உறுத்துதா?" என்று கேட்டார். அவரும் தன் பங்குக்கு ஒரு தப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

மச்சானுக்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? அன்று சாப்பாட்டு நேரத்தில் 'பிரமாதம்' என்று சொல்லாமல், 'யாருண்ணே இந்த டிரைவர்?' என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவர் இன்னொரு முறை ஓடவிட்டுப் பார்த்திருப்பார். கேட்கத் தோன்றவில்லை. நன்றாக இருந்தது, சிரித்தேன்.

போன வருடம் எங்கள் கடைக்கு ஒரு புது இயந்திரம் வந்தது. ஆள் முகத்தை வைத்தால் போதும், கண்ணின் அளவை அதுவே எடுத்து அச்சடித்துக் கொடுத்துவிடும். முதலாளியம்மா பெருமையோடு எல்லாருக்கும் காட்டினார். அடுத்தது என் நாற்காலிதான் என்று எனக்கு உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அன்று கடை மூடும் முன் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே தடுப்பைத் தாண்டி வந்து அந்த இயந்திரத்தைச் சுற்றிப் பார்த்தார். பழைய ஆளாக இருந்திருந்தால் இதற்கு மட்டும் ஒரு மணி நேரம் பேசியிருப்பார். நான் காத்திருந்தேன், கொஞ்சம் ஆசையோடுகூட.

"நீ என்ன நினைக்கிறேம்மா?" என்றார்.

இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் முறை. பயமாக இருக்கிறது என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். முதலாளியம்மா சாவியோடு வந்து நிற்கும்வரை இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.